கொம்பு முளைத்த எழுத்துகள்

விகாத்தியின் வீட்டில் தூயுல் இருக்கிறது என்று ஊரில் பேச்சு. முழங்கால் உயரம், மொட்டைத் தலை, இடுப்பில் ஒரு துண்டுத் துணி. வளர்க்கிறவளுக்கு அடுத்தவர் பெட்டியிலிருந்து பணத்தை உருவிக்கொண்டு வந்து கொடுக்கும் குட்டிப் பேய். பேசினவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. புருஷன் விட்டுவிட்டுப் போன முப்பத்தெட்டு வயதுப் பெண். இந்தோனேசியாவின் சும்பிங் மலைச்சரிவில் ஊரே கோசும் வெங்காயமும் பயிர் செய்து முதுகு வளைந்துகொண்டிருக்க, இவள் பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கிறாள். ஆனால் கூரைக்குப் புது ஓடு போட்டாயிற்று, கிணற்றுக்கு மோட்டார் வந்தாயிற்று. எங்கிருந்து?

முகத்துக்கு நேரே கேட்டவள் எதிர் வீட்டு கஸ்மிரா ஒருத்திதான். வாசலில் அடுப்பு வைத்து, டெம்பே என்கிற சோயாக் கட்டியை மாவில் தோய்த்துப் பொரித்து விற்பவள்.

“ஏன்டி விகாத்தி, உங்க வீட்டு மொட்டையனுக்குச் சோறு வச்சியா இல்லியா? என் அரிசிப் பானையக் கிண்டிட்டுப் போறான்.”

“உன் பானையில என்னக்கா இருக்கு? வெறுங்கையோட வந்து அழுவுறான் பாவம்.”

கஸ்மிரா சிரித்துக்கொண்டே ஒரு டெம்பேயைக் கூடுதலாகப் போட்டாள். அவளுக்கு மட்டும் விகாத்தி தன் வேலையை விளக்கிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

“கம்ப்யூட்டர்ல எழுத்து வரையுறேன்க்கா.”

“எழுத்துதான் ஏற்கெனவே இருக்கே. அதை எதுக்குத் திரும்ப வரையணும்?”

மகெலாங் பக்கத்து ஊர்களில் இந்த வேலை செய்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. வீட்டுக்குள் உட்கார்ந்து எழுத்துருக்களை வரைந்து வலையில் கடை விரிக்கிறார்கள், முகம் தெரியாத தேசங்களில் யாரோ வாங்குகிறார்கள். ஆனால் அவர்கள் எல்லாம் இளைஞர்கள். காப்பிக் கடையில் கூடிச் சிகரெட் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். தனியாக இருக்கும் பெண் அங்கே போய் உட்கார முடியாது.

அவள் வரைந்ததில் நன்றாக ஓடியது ஒன்றுதான். ‘கெபோ’ என்று பெயர் வைத்திருந்தாள், ஜாவானிய மொழியில் எருமை. புருஷன் யுஸ்வந்தோ வேறொருத்தியோடு செமாராங் நகரத்துக்கு ஓடிப்போன வருடம் வரைந்தது. ஆங்கிலத்துப் பெரிய எழுத்துகள் மட்டும்தான், சின்ன எழுத்து கிடையாது. ஒவ்வொன்றும் செங்கல்லை நிறுத்தி வைத்த மாதிரி நிற்கும். ஓ-வின் நடுவில் வட்டத்துக்குப் பதில் உண்டியல் வாய் போல ஒரு கீறல். மூலைகள் மட்டும் ஈரச் சோப்பு மாதிரி லேசாக மழுங்கியிருக்கும். இரண்டு எழுத்துக்கு நடுவே நூல் நுழையத்தான் இடம். அந்த எழுத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்க முடியாது. அடித்தால் மிரட்டல் கடிதம் போல இருக்கும். அதற்கென்று இடங்கள் இருந்தன. நாய்த் தீனிப் பை, குத்துச்சண்டைச் சுவரொட்டி, உடற்பயிற்சிக் கூடத்துச் சுவர், தள்ளுபடி அட்டை. பிரேசிலில் ஆசிரியர்கள் நடத்திய ஊர்வலம் ஒன்றில் தூக்கிப் பிடித்த தட்டிகள் அத்தனையும் கெபோ. அந்தப் படத்தை அவள் பல நாள் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் பேர் தன் எழுத்தைச் சுமந்துகொண்டு கத்துகிறார்கள். தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது கேட்கிறது.

வாங்குகிறவர்கள் சந்தேகம் கேட்டு எழுதினால் ‘எங்கள் குழு பரிசீலிக்கும்’ என்று பதில் போடுவாள். ஒருத்தி என்று சொன்னால் விலையைக் குறைத்துக் கேட்பார்கள்.

மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்த கடிதத்துக்கும் அப்படித்தான் பதில் போட்டாள். கடிதம் வியட்நாமிலிருந்து வந்திருந்தது, மொழிபெயர்ப்புக் கருவி முறுக்கிப் பிழிந்த இந்தோனேசிய மொழியில்.

‘எழுத்து நிறுவனத்தாருக்கு வணக்கம். என் பெயர் துவா. தாம் கீ ஊரில் காப்பிக் கடை நடத்துகிறேன். என் கடைப் பலகை உங்கள் எழுத்தில் உள்ளது. என் அப்பா ஞாயிறு காலை வீட்டிலிருந்து நடந்து போனார். வயது எழுபத்தாறு. நினைவு தப்பியவர். சுவரொட்டிக்காக அவர் பெயரை உங்கள் எழுத்தில் அடித்தால் ஓட்டை விழுகிறது. உதவவும்.’

கூடவே ஒரு படம். கிழவரின் முகம், நெற்றியில் ஒரு தழும்பு. அதற்குக் கீழே லுவோங் காக் துவோங் என்ற பெயர் வர வேண்டிய இடத்தில் நாலைந்து எழுத்தும் நடுநடுவே வெற்றுக் கட்டங்களும். பாதிப் பல் விழுந்த வாய் போல இருந்தது. வியட்நாமிய மொழிக்கும் அதே ஆங்கில எழுத்துகள்தான், ஆனால் அவற்றின்மேல் வரும் குறிகளை விகாத்தி வரைந்திருக்கவில்லை. அங்கிருந்து யார் வாங்கப் போகிறார்கள் என்று விட்டிருந்தாள்.

‘எங்கள் குழு வருந்துகிறது. இப்போதைக்கு வேறு எழுத்தைப் பயன்படுத்துங்கள்’ என்று எழுதிவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது பதில் காத்திருந்தது.

‘வேறு எழுத்து உதவாது. அப்பாவுக்குச் சில நாள் என் முகமே தெரியாது. ஆனால் தினமும் காலையில் கடைப் பலகையைப் பார்த்து லான் என்று வாசிப்பார். கடைக்கு என் அம்மாவின் பெயர். அம்மா இறந்து ஒன்பது வருடம். அவருக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். அந்த எழுத்தில் அவர் பெயரைப் பார்த்தால் நிற்பார் என்று நினைக்கிறேன். வேறு எழுத்தில் எழுதினால் அது அவருக்கு வெறும் காகிதம்.’

விகாத்தி தலை துவட்டாமலேயே உட்கார்ந்தாள்.

வேலை அவள் நினைத்ததைவிடக் கடினமாக இருந்தது. எருமை எழுத்துகள் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. தலைக்குமேல் எதையும் வைக்க இடமில்லை. அந்த மொழியிலோ ஒரு ஏ-வின்மேல் கிண்ணம், கிண்ணத்தின்மேல் ஒரு சாய்கோடு. யூ-வின் வலது தோளில் ஒரு கொம்பு. ஓ-வுக்குக் கொம்பும் உண்டு, போதாததற்கு உச்சியில் கேள்விக்குறியின் மேல்பாதியை வெட்டி வைத்தது போல ஒரு கொக்கி. குறியை மெல்லியதாகப் போட்டால் யானைத் தலையில் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. கனமாகப் போட்டால் எழுத்து எது, குறி எது என்று தெரியவில்லை. கடைசியில் எழுத்துகளின் தலையை மட்டம் தட்டி, தோளைக் கொஞ்சம் இறக்கி, கிடைத்த இடுக்கில் குறிகளைச் செருகினாள். கொம்பு மட்டும் முதல் தடவையிலேயே சரியாக உட்கார்ந்தது. எருமையில்லையா!

வரைந்ததை அனுப்பினாள். உடனே பதில்: ‘கொக்கி திரும்பி நிற்கிறது.’ திருத்தி அனுப்பினாள். ‘சாய்கோடு வலப்பக்கம் ஏற வேண்டும். நீங்கள் போட்டால் அது வேறு ஒருவர் பெயர்.’ அதையும் திருத்தினாள். பிற்பகல் தொழுகைக்கு அழைப்பு வந்த நேரத்தில், பெயருக்கும் ‘ஆளைக் காணவில்லை’ என்ற வரிக்கும் ஊர்ப் பெயருக்கும் வேண்டியதெல்லாம் முடிந்திருந்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

‘உங்கள் குழுவில் எல்லாருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்’ என்று வந்தது.

விகாத்தி திரும்பி அறையைப் பார்த்தாள். கொடியில் ஒரு துண்டு. ஒரு நாற்காலி, அதிலும் அவளே உட்கார்ந்திருந்தாள். ஏன் அப்படி எழுதினாள் என்று தெரியாது: ‘குழு இல்லை. நான் ஒருத்திதான்.’

துவாவிடமிருந்து வந்தது: ‘நானும் ஒருத்திதான்.’

அன்றிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்குத் துவா எழுதினாள். கடையை மூடிவிட்டுச் சுவரொட்டி ஒட்டக் கிளம்புமுன் எழுதுவாள் போலிருக்கிறது. இரண்டு ஊருக்கும் ஒரே கடிகார நேரம். அங்கே ஐந்து என்றால் இங்கேயும் ஐந்து. காப்பி நிறத்தில் காகிதம், மஞ்சளில் எழுத்து, கடைப் பலகையின் அதே நிறங்கள். மின்கம்பத்தில், மீன் சந்தைத் தூணில், லாரியின் பின்கதவில், மழையில் ஊறிய பள்ளிச் சுவரில். ‘இன்று எண்பது ஒட்டினேன். யாரும் கூப்பிடவில்லை.’ ‘இன்று ஒருவர் கூப்பிட்டார். அது வேறு கிழவர்.’ விகாத்தி பதில் எழுதுவாள். முதலில் ஒரு வரி, பிறகு ஒரு பத்தி. ஐந்து மணிக்குள் குளித்துத் தேநீர் போட்டுத் தயாராக உட்காரும் பழக்கம் வந்தது. இருப்பதிலேயே நல்ல முக்காட்டை ஒருநாள் எடுத்துப் போட்டுக்கொண்டு, போட்ட பிறகுதான் யார் பார்க்கப் போகிறார்கள் என்று உறைத்தது.

எட்டாம் நாள் அவள் யுஸ்வந்தோவைப் பற்றி எழுதினாள். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. ‘என் வீட்டிலிருந்தும் ஒருவர் நடந்து போனார். அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கே இருக்கிறார் என்று ஊருக்கே தெரியும்.’

துவா எழுதினாள்: ‘அது இதைவிடக் கடினம்.’

கஸ்மிரா கூடக் கண்டுபிடித்துவிட்டாள். “என்னடி, அஞ்சு மணியானா மூஞ்சி மினுங்குது? ஆளு யாரு?”

“பொம்பளக்கா. காப்பிக் கடை வச்சிருக்கா. அவ அப்பாவக் காணோம்.”

“அடப்பாவமே. அதுக்கு நீ ஏன்டி பவுடர் போட்டிருக்க?”

பதினோராம் நாள் கடிதம் காலை பத்து மணிக்கே வந்தது. நேரம் மாறி வந்ததை விகாத்தி உடனே கவனித்தாள். திறப்பதற்கு முன் ஒரு கணம் கையை எடுத்துக்கொண்டாள். கிழவர் செத்திருப்பாரோ என்ற பயம் இல்லை அது. கிடைத்துவிட்டாரோ என்ற பயம். அது தன் மனசுக்குள்ளிருந்துதான் வந்தது என்று தெரிந்த பிறகுதான் கடிதத்தைத் திறந்தாள்.

கிடைத்துவிட்டார். நாற்பது கிலோமீட்டர் வடக்கே ஒரு டயர்க் கடையில். கடைக்காரர் பிச்சைக்காரர் என்று நினைத்து மூன்று நாள் சோறு போட்டிருக்கிறார். ‘டயர்க் கடைக்காரர் சுவரொட்டி எதையும் பார்க்கவில்லையாம். அப்பாவின் சட்டையைத் துவைக்கப் போனபோது பையில் பழைய மருந்துச் சீட்டு இருந்ததாம், அதில் எங்கள் எண். அப்பாவை எங்கள் கடைக்குக் கூட்டி வந்தேன். பலகையை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. லான் என்று சொல்லவும் இல்லை. ஆனால் இரண்டு தட்டு சாப்பிட்டார்.’

மகிழ்ச்சி என்று பதில் எழுதினாள். மகிழ்ச்சிதான், பொய் இல்லை. அன்று ஐந்து மணிக்கு எதுவும் வரவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் பொறுத்து, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதினாள். அதற்கும் பதில் இல்லை. இன்னொரு முறை எழுத வெட்கமாக இருந்தது. ஐந்து மணியை என்ன செய்வதென்று தெரியாமல், வியட்நாமிய மொழியில் மிச்சமிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்தாள். கொக்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இப்போது யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மாதத்தில் ஒரு குறி பாக்கியில்லாமல் முடிந்துவிட்டது.

அப்புறம்தான் ஒருநாள் கஸ்மிராவின் அடுப்பு முன்னால் உட்கார்ந்து சொன்னாள்.

“அக்கா, அந்தக் கெழவர் கெடைச்சிடக் கூடாதுன்னு நான் ஒரு நிமிஷம் நெனச்சேன்.”

கஸ்மிரா கரண்டியை நிறுத்தினாள். “நெசமாவா?”

“ஆமா.”

“ச்சீ.” சொல்லிவிட்டு டெம்பேயைத் திருப்பிப் போட்டாள். “என் மாமியா சாகக் கெடந்தப்ப நான் எட்டு மாசம் நெனச்சேன், சீக்கிரம் போய்த் தொலையட்டும்னு. நீ ஒரு நிமிஷத்துக்கு வந்து அழுவுற. நாப்பது நாளா போனையே மொறச்சுக்கிட்டு இருக்கியே, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாயேன்.”

“வியட்நாம்க்கா அது.”

“பஸ்ஸு போவாதா?”

“பிளேன்தான் போவும்.”

“அப்புறம் என்ன? மொட்டையன டிக்கெட்டு எடுத்துட்டு வரச் சொல்லு.”

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் விகாத்தி அந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். துவாவிடம் சொல்லவில்லை. வரட்டுமா என்று கேட்டு, வாருங்கள் என்று அவள் எழுதாமல் இருந்துவிட்டால் போக முடியாது. கேட்காமல் போனால் போகலாம்.

ஜோக்ஜாவிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து தா நாங், அங்கிருந்து தெற்கே பஸ். பிற்பகல் இரண்டு மணிக்குத் தாம் கீயில் இறங்கி, முகவரியைக் காட்டிக் கேட்டு, ஒரு தெருமுனை திரும்பியதும் பார்த்தாள். காப்பி நிறப் பலகையில் மூன்று மஞ்சள் எழுத்துகள். ஒவ்வொன்றும் அவள் இடுப்பு உயரம். தன் எழுத்தைக் கணினித் திரையைவிடப் பெரிதாக அவள் நேரில் பார்த்ததே இல்லை. சூரியன் பட்டு மூலைகள் மழுங்கின இடத்தில் நிழல் விழுந்திருந்தது. முதல் எழுத்துக்கும் இரண்டாம் எழுத்துக்கும் நடுவே இடைவெளி அதிகம். பலகை செய்தவன் இன்னும் நெருக்கியிருக்கலாம். ஏணி கிடைத்தால் ஏறித் தள்ளி வைத்துவிடலாம் போலக் கை துறுதுறுத்தது.

கடைக்குள் ஒரே இரைச்சல். கடிதங்களின் ஓரத்தில் வரும் சின்னப் படத்தில் பார்த்த துவாவை உடனே அடையாளம் தெரிந்தது. கல்லாவில் நின்று யாரையோ பார்த்துக் கத்தி, கத்தின வேகத்தில் சிரித்தாள். அவள் புருஷனாக இருக்க வேண்டும், ஒருவன் பின்னாலிருந்து வந்து அவள் தோளில் கையை ஊன்றிக்கொண்டு பனிக்கட்டிப் பெட்டியை எட்டி எடுத்தான். பள்ளிச் சீருடையில் இரண்டு பெண் பிள்ளைகள், துவாவின் அதே மூக்கோடு, ஒரு மேசையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணியோ தங்கையோ, இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள்.

‘நானும் ஒருத்திதான்.’ கடையை ஒருத்தியாக நடத்துகிறேன் என்று சொல்லியிருப்பாள். இல்லை, அன்று சுவரொட்டி ஒட்டினது ஒருத்தியாக இருக்கும். மொழிபெயர்ப்புக் கருவி எதை எப்படித் திருப்பியதோ. விகாத்தி ஓர் ஓரத்து முக்காலியில் உட்கார்ந்து, விரலை நீட்டிக் காப்பி கேட்டாள். துவாவே கொண்டுவந்து வைத்தாள். மற்றவர்களுக்கு வைத்த அதே சிரிப்பு.

கிழவர் வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். பலகைக்கு முதுகு காட்டியபடி. நெற்றித் தழும்பை விகாத்தி மனப்பாடமாக அறிவாள். தெருவையே பார்த்துக்கொண்டிருந்தவர், காப்பி பாதி முடிந்தபோது எழுந்தார். செருப்பைக் கவனமாக மாட்டினார். நடந்தார்.

உள்ளே யாரும் பார்க்கவில்லை. விகாத்தி வாயைத் திறந்தாள். எந்த மொழியில் கூப்பிடுவது? பையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள்.

கிழவர் நல்ல வேகம். முனை தாண்டி, பழக்கடை தாண்டி, பெரிய சாலையை நோக்கிப் போனார். சாலையில் லாரிகள் சீறிக்கொண்டிருந்தன. ஓரத்தில் அவர் கால் இறங்கும் நேரத்தில் விகாத்தி முழங்கையைப் பிடித்துவிட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. நீளமாக ஏதோ சொன்னார், நெடுநாள் தெரிந்தவளிடம் கணக்கு வழக்கில்லாமல் பேசுவது போல.

“சரி பெரியப்பா,” என்றாள் ஜாவானிய மொழியில். “அப்புறம் போகலாம். இப்ப வெயிலா இருக்கு.”

அவர் தலையாட்டிவிட்டு மேற்கொண்டு சொன்னார். அவளும் சொன்னாள். சும்பிங் மலையில் இப்போது மூடுபனியாக இருக்கும் என்று, வெங்காயம் இந்தத் தடவை அழுகிப் போயிற்று என்று, அவர் பெயரில் ஓ-வுக்கு வைத்த கொக்கியைத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது என்று. இரண்டு பேரும் பேசிக்கொண்டே மெல்ல வந்த வழியே திரும்பினார்கள். பழக்கடைக்கு வரும்போது துவா எதிரே வெறுங்காலோடு ஓடிவந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள், திட்டினாள், அழுதாள். பிறகு விகாத்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடை வாசலுக்கு வந்ததும் கைபேசியில் எதையோ தட்டி நீட்டினாள். திரையில் ஆங்கிலம்: எந்த நாடு?

“இந்தோனேசியா.”

துவாவின் முகம் மாறியது. மறுபடி தட்டினாள். இம்முறை இந்தோனேசிய மொழியில் வந்தது. ‘உங்கள் நாட்டில் எனக்கு ஒருத்தியைத் தெரியும். மிக நல்லவள். அவளுக்குப் பதில் எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று நாள் போகிறது. வெட்கமாக இருக்கிறது.’

விகாத்தி இரண்டு முறை படித்தாள். சொல்லிவிடலாம், ஒரு வார்த்தை. கடை வாசலில் புருஷனும் பிள்ளைகளும் கீரை ஆய்ந்தவர்களும் கூடி நின்று கிழவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். கைபேசியை வாங்கித் தட்டினாள். ‘அவள் புரிந்துகொள்வாள்.’

காப்பிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டாள் துவா. நாலு மணி பஸ்ஸில் விகாத்தி தா நாங் திரும்பினாள்.

ஊருக்கு வந்த நாலாம் நாள் கடிதம் வந்தது. இத்தனை நாள் எழுதாததற்கு நீளமாக மன்னிப்பு. அப்பா இப்போதெல்லாம் தினம் கிளம்பிவிடுகிறார், காவலுக்கே நேரம் போகிறது என்று. உங்கள் நாட்டுப் பெண் ஒருத்தி வந்தாள், அப்பாவைச் சாலையிலிருந்து மீட்டுத் தந்தாள், பெயரைக் கூடக் கேட்க மறந்துவிட்டேன் என்று. அப்பா இரண்டு நாளாக அந்தப் பெண் எங்கே என்று கேட்கிறார் என்று.

விகாத்தி அன்றைக்குப் பதில் எழுதவில்லை. மறுநாள் காலையில் எழுதினாள்: ‘அது நான்தான்.’

ஒரே நிமிடத்தில் பதில்: ‘ஏன் சொல்லவில்லை?’

அந்தக் கேள்விக்கு முன்னால் அவள் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். மூன்று விதமாக எழுதிப் பார்த்து மூன்றையும் அழித்தாள். எதிர் வாசலில் கஸ்மிரா யாரிடமோ, தூயுலை விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறாள் விகாத்தி என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில், ‘கடையில் கூட்டமாக இருந்தது’ என்று எழுதி அனுப்பினாள்.